தண்ணி காஞ்சிட்டு

"ஏட்டி பிரியா, தண்ணி காஞ்சிட்டு, வா!"

குத்துக்கல்வலசையில் அந்தத் தெருவுக்கே இது தினசரி மணியோசை. புறவாசலிலிருந்து முத்துவடிவின் குரல் எழும்பினால் போதும், பக்கத்து வீட்டு இராமலட்சுமி அவசர அவசரமாக இட்லிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்குவாள். அதற்கு மேல் விட்டால் இட்லி கல்லாகிவிடும் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

உட்கார்ந்திருந்த சண்முகப்பிரியாவோ கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மாமியார் குரலுக்கு நடுங்குகிற மருமகள் என்று நினைத்து யாரும் முத்துவடிவைத் திட்டிவிட வேண்டாம். அப்படி ஒரு மாமியார் வாய்க்க நாலு கோயில் சுற்ற வேண்டும். பிரியா பயந்தது மாமியாருக்கு அல்ல. காய்ந்து காத்திருக்கிற அந்தத் தண்ணீருக்கு.

போன வாரம் பிரியா திருநெல்வேலியில் நரம்பு டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவளுக்கு இருப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பின் மேலே இருக்கிற உறையை உடம்பே எதிரி என்று நினைத்து அரித்துவிடும். மின்கம்பியின் ரப்பர் பிய்ந்தால் விளக்கு விட்டு விட்டு எரியுமே, அந்த மாதிரி. முதலில் இடது கண் மங்கியது, கண்ணாடியை மாற்றினார்கள். பிறகு இடது கால் மரத்தது, செருப்பை மாற்றினார்கள். ஸ்கேன் எடுத்த பிறகுதான் நோய்க்குப் பெயர் கிடைத்தது.

டாக்டர்கள் அதை எம்.எஸ். என்று சுருக்கிச் சொன்னார்கள். "நம்ம வீட்டுல பி.எஸ்ஸி. இருக்கு, பி.எட். இருக்கு. எம்.எஸ். ஒண்ணுதான் பாக்கி, அதுவும் வந்துட்டு" என்று மாமனார் முத்துக்குமாரசாமி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொன்னார். அன்றைக்கு அவளைச் சிரிக்க வைத்த ஒரே ஆள் அவர்தான்.

நாலு வருஷமாக மருந்து ஒழுங்காகப் போகிறது. புதிதாக எதுவும் வரவில்லை. அப்படியிருக்க, காலை நேரத்தில் மட்டும் ஏன் இவ்வளவு மோசமாகிறது என்று டாக்டரம்மா போன வாரம் கேட்டார். குளித்து வந்ததும் கால் துவண்டு, கண் மங்கி, மத்தியானம் வரை கட்டிலோடு கிடப்பதைப் பிரியா சொன்னாள்.

"வெந்நீரா?"

"கொதிக்கக் கொதிக்க."

டாக்டரம்மா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "முதல்ல அதை நிறுத்துங்க. இந்த நோய்க்கு உடம்பு சூடேறவே கூடாது. உறை போன நரம்பு சூட்டுல இன்னும் மக்கர் பண்ணும். சூடு தணிஞ்சா பழையபடி வந்துரும். இதனால நோய் கூடுறது இல்ல. ஆனா பாதி நாளை நீங்களே தொலைச்சிட்டிருக்கீங்க. அதுக்காக ஐஸ் தண்ணியில போய் இறங்கிடாதீங்க, ரொம்பக் குளிர்ந்தாலும் சிலருக்குக் கால் விறைக்கும். உங்க உடம்புக்கு எது இதமோ அது."

இவ்வளவுதான் விஷயம். வீட்டுக்கு வந்த கையோடு சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரம் ஓடிவிட்டது, பிரியா வாய் திறக்கவில்லை.

அவள் மேல் கோபப்படுகிறவர்கள் கொஞ்சம் அந்தப் புறவாசலுக்கு வந்து பார்க்க வேண்டும்.

குற்றாலச் சீசன் தொடங்கியிருந்தது. மேற்கே மலை தெரியாதபடி மேகம் இறங்கி, சாரல் பூந்தூறலாக விழுந்துகொண்டிருந்தது. தென்னை மட்டையெல்லாம் நமுத்துப் போய் எரிய மாட்டேன் என்றது. அதன் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, ஊதுகுழலால் ஊதி ஊதி, கண்ணிரண்டும் கோவைப்பழமாகச் சிவக்க முத்துவடிவு தண்ணீர் காய வைத்திருந்தாள். அண்டாவுக்குள் நொச்சி இலை கொதித்து மணத்தது. குளியலறையில் கெய்சர் இருக்கிறது. அந்தச் சூடு நரம்பில் ஏறாது என்பது அவள் தீர்ப்பு.

தீர்ப்புச் சொல்ல அவளுக்கு உரிமையும் இருந்தது. பிரியா கல்யாணமாகி வந்த புதிதில் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. உயிர் தங்கியதே பெரிது என்றார்கள். முத்துவடிவு விடவில்லை. நொச்சித் தண்ணீரைக் காலையும் மாலையும் ஊற்றினாள், உருவினாள், பிடித்து நடத்தினாள். ஒரு தைப்பூசத்தன்று அவர் கம்பை ஊன்றிக்கொண்டு தென்காசிக் கோயில் வாசல் வரை தானே நடந்தார். பார்த்தவர்கள் அவரைக் கும்பிடாமல் முத்துவடிவைக் கும்பிட்டார்கள். தன் வாழ்நாளில் அவள் வாதாடி ஜெயித்த ஒரே வழக்கு அது.

பிரியாவுக்கு வந்ததையும் அவள் அதே கணக்கில்தான் வைத்தாள். "எம்.எஸ்.ஸாவது கிம்.எஸ்.ஸாவது, இதுவும் வாதந்தான். அவருக்கும் நரம்பு, உனக்கும் நரம்பு. வாதத்துக்குக் குளிர்ச்சி ஆகாது" என்று சொல்லி அடுப்பை மூட்டினவள், நாலு வருஷத்தில் ஒரு நாள் அணையவிடவில்லை. மகள் வீட்டுக்குப் போனால் கூட இரவு தங்குவதில்லை. காலையில் யார் தண்ணீர் காய வைப்பார்கள்?

அந்த முகத்தைப் பார்த்து, உங்கள் தண்ணீர்தான் என்னைக் கவிழ்க்கிறது என்று எப்படிச் சொல்வது?

"அத்தை, இன்னைக்கு மட்டும் கொஞ்சம் விளாவிக்கிடட்டா?" என்று பிரியா மெல்லக் கேட்டாள்.

"பச்சத் தண்ணி கலந்தா நொச்சிச் சாரமெல்லாம் போயிரும்ட்டி. உக்காரு."

உட்கார்ந்தாள். முதல் செம்பு முதுகில் விழுந்தது. ஐந்தாறு செம்பு ஆவதற்குள் எதிர்ச் சுவர் கலங்கலாயிற்று. இடது கால் அவளுடையது இல்லை என்று ஆயிற்று. துவட்டி, சேலையைச் சுற்றி, இடுப்பில் கை கொடுத்து முத்துவடிவுதான் அவளைக் கட்டிலுக்குக் கொண்டு வந்து சேர்த்தாள். கம்பளியைப் போர்த்தி, சாரல் காற்று வராமல் ஜன்னலையும் சாத்தினாள்.

"இந்தக் காலை வச்சிக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவப் போறாளாம்!"

இன்றைக்கு அந்தப் பேச்சு வரும் என்று பிரியாவுக்குத் தெரியும். தென்காசியில் அவள் கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்கூடம் வருகிற திங்கட்கிழமை திறக்கிறது. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க ஆள் இல்லை. தலைமை ஆசிரியை உமாதேவி அவளுக்காக அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். உட்கார்ந்து பாடம் நடத்த நாற்காலி, மாடி ஏறாமல் கீழேயே வகுப்பு, எல்லாம் செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு சிக்கல், கணக்கு முதல் பீரியட். வருவாளா மாட்டாளா என்று இன்றைக்குள் சொல்லியாக வேண்டும்.

மேசை மேல் இருந்த போன் அடித்தது.

பிரியா கையை நீட்டினாள். விரல் போனைத் தொடுவதற்குப் பதிலாகத் தண்ணீர்ச் செம்பைத் தட்டியது.

முத்துவடிவு எடுத்தாள். "ஆமா டீச்சர், நான் அவ அத்தைதான் பேசுதேன். நல்லாருக்கியளா? நீங்க கேக்குறது பெரிய மனசு. ஆனா அவளால முடியாதும்மா. இப்பக்கூட குளிச்சிட்டு வந்து துணியாக் கெடக்கா. வேற ஆளைப் பாத்துக்கிடுங்க தாயி."

"அத்தை..." என்றாள் பிரியா. குரல் கம்பளியைத் தாண்டவில்லை.

போனை வைத்துவிட்டு முத்துவடிவு அவள் நெற்றி முடியை ஒதுக்கினாள். "கோவிக்காதட்டி. வேலை போனா போகுது. நீ எங்க கண்ணு முன்னால இருந்தா எங்களுக்கு அது போதும்."

இருந்தால் போதுமா? பிரியாவுக்குப் போதாது. அவளுக்குக் கரும்பலகை வேண்டும். கடைசி பெஞ்சில் கணக்குப் புரியாமல் முழிக்கிற பிள்ளைக்கு இன்னொரு வழியில் சொல்லிக் கொடுத்து, அதன் முகம் தெளிவதைப் பார்க்க வேண்டும். சாயங்காலம் சாக்பீஸ் தூளோடு களைத்து வீட்டுக்கு வர வேண்டும். ஒன்றும் செய்யாமலே களைத்துப் போவதுதான் இந்த நோயில் அவளுக்குத் தாங்க முடியாதது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

பாவூர்சத்திரத்தில் விதைக்கடை வைத்திருக்கிற கணவன் கௌரிசங்கர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். அதற்குள் பிரியாவுக்குக் கண் தெளிந்து, கால் திரும்பியிருந்தது. அவனை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, டாக்டரம்மா சொன்னதை முழுக்கச் சொன்னாள்.

அவன் திகைத்துப் போனான். "ஒரு வாரமா சொல்லாம இருந்திருக்கியே! தினமும் அந்தத் தண்ணியிலதான குளிச்சே?"

"நான் எப்படிச் சொல்லுவேன்? நீங்க சொல்லுங்க. உங்க அம்மாதான?"

"இதுல என்ன இருக்கு? இப்பமே சொல்லுதேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சமையலறைக்குப் போனான். பிரியா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அந்தக் காலையில போடுத தண்ணி..."

"தண்ணிக்கு என்ன எய்யா?"

"இல்ல... போர்த் தண்ணி கொஞ்சம் உப்பா இருக்கோன்னு..."

ஒரு அப்பளத்தோடு திரும்பி வந்தான். பிரியா அவனைப் பார்த்த பார்வையில் அந்த அப்பளம் நொறுங்கியது.

அன்று சாயங்காலம் குற்றாலம் போவதாக ஏற்கனவே பேச்சு. சீசனில் முதல் தண்ணீர் நன்றாக விழுந்ததும் குடும்பத்தோடு போய்த் தலையில் எண்ணெய் தேய்த்து ஒரு குளியல் போட்டுவிட்டு வருவது அந்த வீட்டு வழக்கம். பிரியாவும் வருஷா வருஷம் போவாள். ஸ்வெட்டர் போட்டு, காதில் துணி கட்டி, காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்காருவாள். மற்றவர்கள் குளித்து வந்து சூடாகப் பஜ்ஜி வாங்கித் தருவார்கள். அவளுடைய குற்றாலம் அவ்வளவுதான்.

"இந்தா, ஸ்வெட்டர்" என்று முத்துவடிவு நீட்டினாள்.

"வேண்டாம் அத்தை. இன்னைக்கு நானும் குளிக்கப் போறேன்."

முத்துவடிவு மகனைப் பார்த்தாள். மகன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? சாரல் பட்டாலே நரம்பு இழுத்துக்கிடும். அருவியில போய் நின்னேன்னா அப்படியே வெறச்சிப் போவே. காலையில டீச்சர்கிட்ட நான் பேசினதுக்குத்தான இந்தக் கோவம்?"

"ஆமா, கோவந்தான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமச் சொல்லிட்டிய."

கல்யாணமாகி வந்ததிலிருந்து பிரியா மாமியாரிடம் இப்படிப் பேசியதில்லை.

"காருக்குள்ள கண்ணாடிக்குப் பின்னால உக்காந்து வேடிக்கை பாக்க அவ என்ன தொட்டி மீனா?" என்றார் முத்துக்குமாரசாமி, வேட்டியை மடித்துக் கட்டியபடி. "வரட்டும் வடிவு. காலையாவது நனைக்கட்டும்."

கால் மட்டும்தான் என்ற ஒப்பந்தத்தோடு கார் கிளம்பியது. முத்துவடிவு வழி முழுக்க ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள்.

மெயின் அருவியிலும் ஐந்தருவியிலும் கால் வைக்க இடமில்லாத கூட்டம். கௌரிசங்கர் வண்டியைப் புலியருவிக்கு விட்டான். சின்ன அருவி. தண்ணீர் தலையில் இடியாக இறங்காது, தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போகும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் தோதான இடம்.

கௌரிசங்கர் அப்பாவை ஆண்கள் பக்கம் கூட்டிப் போனான். பெண்கள் பக்கம் முத்துவடிவு மருமகளைப் படியோரம் உட்கார வைத்தாள். "இங்கனயே இரு. கால் மட்டும். கேட்டியா?" என்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டு, அருவிக்குள் போய்ச் சீயக்காய் தேய்த்து முழுகி எழுந்தாள். வெளியே வந்து ஈரத் தலையைத் துண்டால் உதறிக் கட்டிக்கொண்டு திரும்பினால், படியில் பிரியா இல்லை.

இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் ஏற்கனவே தண்ணீரை நெருங்கியிருந்தாள்.

"ஏட்டி! ஏட்டி பிரியா!"

அருவிச் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்?

பிரியா அவசரப்படவில்லை. டாக்டரம்மா சொன்னது நினைவிருந்தது. முதலில் தெறிக்கிற துளிகளில் நின்றாள். கால் விறைக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. ஓரத்தில் விழுகிற மெல்லிய தண்ணீருக்குத் தோளைக் கொடுத்தாள். மலையில் ஏதேதோ மூலிகைகளைத் தடவி வந்த தண்ணீர் என்று ஊரில் சொல்வார்கள். அவளுக்கு மூலிகை எல்லாம் தெரியவில்லை. கண் மங்காமல், கால் துவளாமல் தண்ணீருக்கு அடியில் நிற்க முடிகிறது என்பது மட்டும் தெரிந்தது. நாலு வருஷமாகக் குளிப்பது என்பதே அவளுக்குத் தண்டனையாக இருந்தது. இப்போது சந்தோஷமாக இருந்தது. வாய்விட்டுச் சிரித்தாள்.

போதும் என்று தோன்றியதும் கம்பியைப் பிடித்துத் திரும்பினாள்.

கரையில் முத்துவடிவு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். குளித்து வருகிற மருமகளைத் தாங்கிப் பிடித்துப் பழகிய கைகள். இப்போது விழுவாள், இப்போது மடங்குவாள் என்று ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கைகள் முன்னால் வந்தன. பிரியா இடது காலை வழக்கம் போல் லேசாக இழுத்து வைத்து, படியேறி, சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே வந்து எதிரே நின்றாள்.

நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன.

"நீ குளிச்சிட்டுத்தானட்டி வாரே?"

"ஆமா அத்தை."

"அப்ப எப்படி நடக்கே?"

பிரியா இடது காலை ஒரு தரம் தூக்கி வைத்துக் காட்டினாள். முத்துவடிவின் பார்வை அருவிக்குப் போய், மருமகளின் காலுக்கு வந்து, கடைசியில் தன் கைகளுக்கே திரும்பியது. அவள் ஈரக்கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வெந்நியா?"

"ஆமா அத்தை. சூடு ஆகாதாம். டாக்டரம்மா சொன்னாங்க."

"எப்பச் சொன்னா?"

"போன வாரம்."

"ஒரு வாரமாத் தெரியும். தெரிஞ்சும் நான் ஊத்த ஊத்தக் குனிஞ்சிக்கிட்டு இருந்திருக்கே!" முத்துவடிவின் குரல் உயர்ந்தது. துணி மாற்றிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சொன்னா உன்னைக் கடிச்சித் தின்னுருவேனா? என்னைய என்னன்னுட்டி நெனச்சே?"

"நமுத்த மட்டையை ஊதி ஊதிக் கண்ணு செவந்து உக்காந்திருப்பிய. அந்த முகத்தப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரலை அத்தை."

முத்துவடிவுக்குக் கோபம் அதற்கு மேல் நிற்கவில்லை. "நாலு வருசம். நானே அடுப்பு மூட்டி, நானே உன்னைக் கவுத்துப் போட்டிருக்கேனே. போதாக்கொறைக்கு டீச்சர்கிட்டயும் முடியாதுன்னு சொல்லிட்டேனே" என்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள்.

குளித்து முடித்துத் துண்டைப் போர்த்திக்கொண்டு கௌரிசங்கரும் அப்பாவும் அவர்களைத் தேடி வந்தார்கள். பிரியா இரண்டே வார்த்தையில் விஷயத்தைச் சொன்னாள். கௌரிசங்கர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டான். இந்த முறை தண்ணீர் உப்பு என்று எதுவும் சொல்லவில்லை.

முத்துக்குமாரசாமி கம்பை ஊன்றி நின்று தொண்டையைச் செருமினார். "வடிவு, நான் ஒண்ணு சொல்லுவேன். அடிக்க வரப்பிடாது."

"என்ன?"

"எனக்கும் அந்தத் தண்ணி பொறுக்காது. தோலு கழண்டு வந்துரும்போல இருக்கும்."

"பொறவு ஏன் அன்னைக்கே வாயத் தொறக்கலை?"

"வாய்தான் கோணிக் கெடந்துதே!"

அழுகைக்கு நடுவில் முத்துவடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகத் துண்டால் அவர் காலில் ஒரு அடி போட்டாள்.

"வாய் சரியான பொறவும் சொல்லலை" என்றார் அவர், இப்போது விளையாட்டை விட்டுவிட்டு. "ஒருத்தி எனக்காவ விடியக்காலம் எந்திரிச்சுப் புகையில வேகுதா. இவளுக்காவவாச்சும் நடந்துரணும்னு இருந்துது. நான் நடந்தது தண்ணியில இல்ல வடிவு. உன்னால. அது மாறாது."

சாரல் எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்தது. முத்துவடிவு மூக்கை உறிஞ்சி, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள்.

"எய்யா சங்கரு, டீச்சருக்குப் போனைப் போடு. நான் கெடுத்ததை நாந்தான் சரி பண்ணணும்."

காருக்குள் உட்கார்ந்து ஸ்பீக்கரில் பேசினார்கள். முத்துவடிவு சுற்றி வளைக்கவில்லை. "டீச்சர், காலையில நான் தெரியாமச் சொல்லிட்டேன். அவ வருவா."

எதிர்முனையில் உமாதேவி தயங்கினார். "ஐயோ, ஆச்சி, நீங்க சொன்னதுனால இன்னொரு பொண்ணை நாளைக்கு வரச் சொல்லிட்டேனே. வரச் சொல்லிட்டு வேண்டாங்கிறது நல்லா இருக்காது. ஒண்ணு பண்ணுங்க, பிரியாவும் வரட்டும். ரெண்டு பேரும் எங்க முன்னால ஒரு பாடம் எடுக்கட்டும், நிர்வாகத்துல பாத்து முடிவு பண்ணுவாங்க. காலையில முதல் வேலையா வச்சிக்கிடுவோம். இன்னொரு விஷயம், கீழே வெள்ளையடிக்கிறாங்க. மாடி ஹால்லதான்."

முத்துவடிவு போனைக் கையால் பொத்தினாள். "மாடியாம்ட்டி" என்றாள், ஊருக்கே கேட்கிற ரகசியக் குரலில்.

காலை நேரம். அதிலும் மாடிப்படி. பிரியா தன் இடது காலைப் பார்த்தாள். அருவியில் நின்றதால் அந்தக் கால் புதிதாகிவிடவில்லை. நோய் எங்கேயும் போய்விடவில்லை, இனியும் கூடத்தான் வரும். செருப்பு கழன்றது கூடத் தெரியாமல் ஒற்றைச் செருப்போடு காரில் ஏறியிருந்தாள். மற்றதை வழக்கம் போல மாமனார் கம்பு நுனியில் மாட்டி எடுத்து வந்திருந்தார். ஆனாலும் வருஷக்கணக்காகக் கையை விட்டுப் போயிருந்த காலை நேரம் நாளைக்கு அவளிடம் திரும்பி வரலாம்.

"சரின்னு சொல்லுங்க அத்தை."

திரும்பும் வழியில் களைப்பு வந்து அமுக்கியது. மாமியாரின் மடியில் தலை வைத்துத் தூங்கிப் போனாள். ஸ்வெட்டர் பின் சீட்டு மூலையில் கிடந்தது. முத்துவடிவு அதை இரண்டு தரம் எடுத்தாள், இரண்டு தரமும் திரும்ப வைத்தாள்.

மறுநாள் காலை. பிரியா விழித்தபோது வீட்டில் புகை வாசனை இல்லை. ஜன்னல் திறந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறோம் என்று அவளுக்கே கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பக்கத்து வீட்டில் இராமலட்சுமியின் இட்லி கல்லாகிக்கொண்டிருந்தது.

"ஏட்டி பிரியா..."

குரல் பாதியில் நின்றது. நாலு வருஷமாகச் சொன்ன வார்த்தை நாக்கு நுனியில் வந்து முட்டிக்கொண்டு நிற்பது இங்கே வரை தெரிந்தது.

"தண்ணி காயலை. வா!"

பிரியா சிரித்துக்கொண்டே புறவாசலுக்குப் போனாள். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. அதன் முன்னால் அதே இடத்தில், அதே மாதிரி குத்த வைத்து முத்துவடிவு உட்கார்ந்திருந்தாள். ஊதுவதற்கு ஒன்றும் இல்லாமல் கைகள் என்ன செய்வது என்று தெரியாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு வாளி பச்சைத் தண்ணீர். அதில் ஒரு கொத்து நொச்சி இலை மிதந்தது.

பிரியா இலையைப் பார்த்துவிட்டு மாமியாரைப் பார்த்தாள்.

"சும்மா வாசத்துக்குட்டி" என்றாள் முத்துவடிவு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. "வாசத்துக்கு டாக்டரம்மா ஒண்ணும் சொல்லலைலா?"

"சொல்லலை அத்தை" என்றாள் பிரியா. உட்கார்ந்து முதுகைக் காட்டினாள். "ஊத்துங்க. மாடிப்படி ஏறணும்."